முள் சிவப்பைத் தொடுகிறது, இன்னொரு கூலர் போடட்டுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் இருக்கிறேன். போன வருடக் கடைசியில் 1979ஆம் வருடத்து போர்ஷே 911 எஸ்.சி. ஒன்று வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் ஏழெட்டு வருடம் ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்தி வைத்திருந்த வண்டி. குளிர்காலத்தில் ஒரு தொல்லையும் இல்லை. ஜூலையில் மனைவியோடு லாஸ் ஏஞ்சலஸ் போனபோது, ஐ-5 நெடுஞ்சாலையில் கிரேப்வைன் ஏற்றத்தில், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, ஆயில் டெம்பரேச்சர் முள் சிவப்புப் பட்டையைத் தொட்டுவிட்டது. ஊருக்குள் சிக்னல் சிக்னலாக நின்று போனாலும் ஏறுகிறது. என் மீட்டரில் எண்கள் கிடையாது, வெறும் வெள்ளைக் கோடுகள்தான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன் பம்பரை வெட்டி, ஆயிலைக் குளிர வைக்கும் இரண்டாவது கூலர் வைக்கச் சொல்கிறார்கள், மூவாயிரம் டாலர் ஆகுமாம். நண்பர் ஒருவர் சிந்தெடிக் ஆயிலுக்கு மாறினால் போதும் என்கிறார். இன்னொன்று: இரவில் ஹெட்லைட் போட்டதும் முள் கொஞ்சம் நகர்கிற மாதிரி தெரிகிறது. இது என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை. உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் உபயோகமான வரி அந்தக் கடைசி வரிதான். ஹெட்லைட் எரிகிறதா இல்லையா என்பது ஆயிலுக்குத் தெரியாது. விளக்கு போட்டதும் முள் நகர்ந்தால் அது சூடு இல்லை, எர்த் கோளாறு. உங்கள் காரில் பழுப்பு நிற வயர் எல்லாமே எர்த். டேஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டர்களும் மீட்டர் பல்புகளும் ஒரே எர்த்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நாற்பது வருடத்தில் அந்த இணைப்பில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு ஏறியிருக்கும். மீட்டர்களைச் சுற்றி ரப்பர் வளையம்தான் இருக்கிறது, ஸ்க்ரூ கிடையாது. கையாலேயே மெல்ல ஆட்டி வெளியே இழுக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பழுப்பு வயர் முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். அரை நாள் வேலை, செலவு ஒன்றும் இல்லை.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதில் மாட்டியவன். ஒரு வாடிக்கையாளர் இதே குறையோடு வந்தார். தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்ப ஆயில் பாதையைத் திறந்து மூடும் வால்வு) மாற்றினேன், கூலரைக் கழற்றிக் கழுவினேன், ஆயில் மாற்றினேன். முள் அதே இடத்தில் நின்றது. கடைசியில் பார்த்தால் யாரோ வேறு அளவுகோலுக்கான சென்டரை, அதாவது ஆயிலின் சூட்டை அளந்து மீட்டருக்கு அனுப்பும் உணரியை, மாட்டியிருக்கிறார்கள். இந்த மீட்டர்களில் வெவ்வேறு வெப்ப அளவுக்கு வெவ்வேறு சென்டர் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாட்டினால் மீட்டர் கூசாமல் பொய் சொல்லும். அந்த வேலைக்கு அவரிடம் பணம் வாங்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் முதலில் முள் சொல்வது உண்மையா என்று பாருங்கள். இறைச்சி வேகிறதா என்று குத்திப் பார்க்க சமையலறையில் வைத்திருப்பார்களே, நீளமான கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர், அது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஃபோனில் ஒரு படம் எடுங்கள். உடனே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வலது பக்கம் இருக்கும் ஆயில் மூடியைத் திறந்து கம்பியை உள்ளே விட்டுப் பாருங்கள். இந்தக் காரில் ஆயிலுக்கென்று தனி டேங்க் உண்டு. அதில் இருப்பது வண்டியின் முன்பக்கக் கூலரைத் தாண்டி வந்து சேர்ந்த ஆயில், அதனால் மீட்டரைவிடச் சில டிகிரி குறைவாகக் காட்டலாம். அது பரவாயில்லை. மீட்டர் சிவப்பில் நிற்க, தெர்மாமீட்டர் 95 டிகிரி (நான் சொல்வதெல்லாம் செல்சியஸ்) என்று காட்டினால் உங்கள் மூவாயிரம் டாலர் மிச்சம்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் சென்டரைக் கழற்றுங்கள். கொஞ்சம் ஆயில் வழியும், கீழே துணி வையுங்கள். வயரை நீட்டி, சென்டரின் உடம்பை இன்னொரு வயரால் எர்த்தோடு சேர்த்து, கொதிக்கும் தண்ணீரில் முனையை முக்குங்கள். முள் நிற்கும் இடம்தான் 100 டிகிரி. மீட்டர் கண்ணாடியில் அந்த இடத்தில் மெல்லிய டேப் துண்டு ஒன்று ஒட்டிவிடுங்கள். எண் இல்லாத மீட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன். கோடுகளை ஆளாளுக்கு ஒரு மாதிரி அர்த்தப்படுத்திக்கொண்டு தூக்கம் கெடுவதைவிட இது நல்லது.

சரி, முள் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். எத்தனை டிகிரி வரை சரி?

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றும் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு முள் நடுவில் அசையாமல் நிற்கவேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. இந்த எஞ்சின் அப்படி இல்லை. காற்று பாதி வேலை செய்கிறது, மீதியை ஆயில் செய்கிறது. அதனால்தான் சாதாரண கார் நாலைந்து லிட்டர் ஆயிலோடு ஓட, உங்கள் காரில் சுமார் 13 லிட்டர் இருக்கிறது. வெயில், ஏற்றம், வேகம் எல்லாம் முள்ளில் தெரியத்தான் செய்யும். தெர்மோஸ்டாட் முழுக்கத் திறந்தபின், வெளிக்காற்று 15 டிகிரி கூடினால் ஆயிலும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். குளிர்காலத்தில் 90இல் ஓடிய கார் ஜூலையில் 105 காட்டினால் அது நோய் இல்லை, ஜூலை. 85 முதல் 105 வரை நான் கவலைப்படமாட்டேன். 40 டிகிரி வெயிலில் மலை ஏறும்போது 110, 115 வந்து, ஏற்றம் முடிந்ததும் இறங்கினால் அதுவும் சரி. சமதளத்தில் சீராக ஓடும்போது 120ஐத் தாண்டினால் தேடவேண்டும். 130 என்றால் ஓரம்கட்டவேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ஆயில் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, இருக்கிற கூலர் எல்லாவற்றையும் மாட்டி 70 டிகிரியில் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எரிப்பில் உண்டாகும் நீராவியும் கொஞ்சம் பெட்ரோலும் ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். அது ஆவியாகிப் போக ஆயில் நன்றாகச் சுடவேண்டும். சுடாவிட்டால் ஆயில் மூடியின் அடியில் மயோனைஸ் மாதிரி வெள்ளையாகப் படியும். குளிர்காலத்தில் உங்கள் மூடியைத் திறந்து பாருங்கள், தெரியும்.

இனி ஆயில் போகும் பாதை. இது புரிந்தால் பாதிப் பிரச்சினையை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். எஞ்சினின் அடியில் சேரும் ஆயிலை ஒரு பம்ப் உறிஞ்சி, வலது பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் வெளி தெர்மோஸ்டாட்டுக்கு அனுப்புகிறது. சுமார் 83 டிகிரி வரை அது மூடியிருக்கும், ஆயில் நேராக டேங்குக்குப் போய்விடும். அதற்கு மேல் திறந்து, வலது பக்கக் கதவுக்குக் கீழே ஓடும் இரண்டு குழாய்களில் ஒன்று வழியாக முன் மட்கார்டுக்குள் இருக்கும் கூலருக்குப் போய், இன்னொன்று வழியாகத் திரும்பி டேங்குக்கு வரும். டேங்கிலிருந்து இன்னொரு பம்ப் எடுத்து எஞ்சினுக்கு அழுத்தத்தோடு கொடுக்கும். அங்கே எஞ்சினோடு ஒட்டியே இன்னொரு கூலர், அதற்குத் தனித் தெர்மோஸ்டாட். 1963இல் ஃபிராங்ஃபர்ட் கார் கண்காட்சியில் இந்தக் காரைக் காட்டியபோது எஞ்சினோடு ஒட்டிய கூலர் மட்டும்தான். 1969இல் 911 எஸ் மாடலில்தான் முன் கூலர் வந்தது. உங்களிடம் இருப்பது அனேகமாக ‘ட்ராம்போன்’ என்று சொல்லப்படும் வகை. கூலர் என்று சொல்வதே அதிகம். வளைத்து வளைத்து விட்ட ஒரு குழாய், அவ்வளவுதான்.

இப்போது சோதனை. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி ஓட்டுங்கள். முள் பாதிக்கு வருமுன் நிறுத்தி, கதவுக்குக் கீழே அந்தக் குழாய்களைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கவேண்டும். அப்புறம் ஆயில் 95க்கு மேல் போனதும் மறுபடி நிறுத்திப் பாருங்கள். இந்த முறை தொடாதீர்கள், சுட்டுவிடும். லேசர் தெர்மாமீட்டர் இருந்தால் அதைக் காட்டுங்கள். பளபளக்கும் உலோகத்தின் மேல் அது தப்பாகப் படிக்கும் என்பதால் முன்கூட்டியே குழாயில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் காட்டவேண்டும். குழாய்கள் இன்னும் குளிர்ச்சியாகவே இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டிருக்கிறது. ஏழெட்டு வருடம் நின்ற வண்டியில் இதை நான் முதல் சந்தேகமாக வைப்பேன். அதைக் கழற்றும்போது அவசரப்படவேண்டாம். அங்கே நட்டும் தெர்மோஸ்டாட்டும் வேறு வேறு உலோகம், பல வருடத்தில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். முரட்டுத்தனமாகத் திருகினால் தெர்மோஸ்டாட்டின் மரையோடு வந்துவிடும். குழாய் நட்டை அறுத்து எடுக்கிற பொறுமை உள்ளவரிடம் கொடுங்கள்.

போகும் குழாய் சூடாக, திரும்பும் குழாய் வெதுவெதுப்பாக இருந்தால் கூலர் வேலை செய்கிறது. போகும் குழாயே அரைகுறையாகச் சுட்டால், வண்டியின் அடியில் படுத்து அந்தக் குழாய்களை முழு நீளத்துக்கும் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடம் தெரியாமல் யாராவது குழாயின் மேலேயே ஜாக்கியை வைத்துத் தூக்கியிருப்பார்கள். வட்டமாக இருக்கவேண்டிய குழாய் சப்பாத்தி மாதிரி தட்டையாக இருக்கும். நம்பமாட்டீர்கள், டயர் மாற்றப் போன இடத்தில் இப்படி நசுங்கி வந்த வண்டிகள் என் கைக்கே பல வந்திருக்கின்றன.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்று. ஷெட்டில் நின்ற வண்டி என்றீர்கள். எலி பார்த்தீர்களா?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எஞ்சினுக்குக் காற்றடிக்கும் ஃபேனுக்குக் கீழே, ஃபைபர் மூடிக்கும் சிலிண்டர் தகடுகளுக்கும் நடுவில் இருட்டான, காற்றடிக்காத, யாரும் தொடாத ஒரு இடம் இருக்கிறது. எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. இப்படி ஒரு வண்டியில் மூடியைத் தூக்கியபோது காய்ந்த புல், சீட்டிலிருந்து பிய்த்த பஞ்சு, வால்நட் ஓடு என்று ஒரு கூடை அளவுக்கு எடுத்தேன். மூன்றாவது சிலிண்டர் காற்றையே பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்குவது பெரிய வேலை, அதற்கு முன் நாற்பது ஐம்பது டாலரில் கிடைக்கும் பாம்பு மாதிரி நீளமான கேமராவை வாங்கி, எஞ்சின் அணைந்திருக்கும்போது ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். கூடு இல்லாவிட்டாலும், ஆயில் கசிந்து அதன்மேல் தூசி படிந்து தகடுகளுக்கு நடுவே அடை மாதிரி ஒட்டியிருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். அப்படியே வலது முன்சக்கரத்துக்குள் டார்ச் அடித்து ட்ராம்போனைச் சுற்றி எவ்வளவு மண் என்றும் பாருங்கள்.

பின் மூடியைத் திறந்து வைத்திருக்கும்போதே எஞ்சினைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையைக் கவனியுங்கள். அழகுக்கு வைத்தது இல்லை அது. மேலே குளிர்ந்த காற்று, கீழே எக்ஸாஸ்ட்டின் அனல், இரண்டையும் பிரித்து வைப்பது அந்தப் பட்டைதான். அது கிழிந்திருந்தால் ஃபேன் தன் அனலையே திரும்பக் குடிக்கும். ஹீட்டர் குழாய்களை யாராவது கழற்றியிருந்தால், ஃபேன் மூடியில் அவற்றுக்கான ஓட்டைகளை அடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். திறந்து கிடந்தால் சிலிண்டருக்குப் போகவேண்டிய காற்று அந்த வழியாக ஊதிக்கொண்டிருக்கும்.

பெல்ட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஃபேனும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் ஒரே அச்சில், ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன. வேறு பல கார்களில் ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்தால் கொஞ்ச தூரம் போய்விடலாம். உங்கள் காரில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபேன் நின்றிருக்கலாம் என்று அர்த்தம். அடுத்த எக்ஸிட் வரை என்று யோசிக்காமல் அங்கேயே ஓரம்கட்டி அணைத்துவிடுங்கள்.

கிரேப்வைனுக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கு என்ற அடுப்பில் மூன்று மணி நேரம் காய்ந்துவிட்டு, 6 சதவீதச் சரிவில் ஏறி, சுமார் 1,260 மீட்டர் உயரத்துக்குப் போகிற சாலை அது. ரேடியேட்டர் வைத்த கார்களுக்கே அங்கே ஏ.சி.யை அணைக்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அந்தப் பலகை இரட்டிப்பாகப் பொருந்தும். உங்கள் ஏ.சி.யின் சூட்டை வெளியே விடும் பெரிய கண்டென்சர் எங்கே இருக்கிறது தெரியுமா? பின் மூடியின் கிரில்லுக்கு நேர் கீழே. எஞ்சின் ஃபேன் இழுக்கும் காற்று முதலில் அதன் வழியாகச் சூடாகித்தான் வருகிறது. மனைவிக்கு விசிறிவிட்டுக்கொண்டே எஞ்சினுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தீர்கள். ஏற்றம் தொடங்கும் முன் ஏ.சி.யை அணையுங்கள், ஜன்னலை இறக்குங்கள். வீட்டில் திட்டு விழுந்தால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஓட்டும் முறையிலும் ஒரு பழக்கத்தை மாற்றவேண்டும். ஏற்றத்தில் ஐந்தாவது கியரில் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் முக்கிக்கொண்டு போனால் எஞ்சினுக்குச் சுமை அதிகம், ஃபேனும் மெதுவாகச் சுற்றும், ஆயில் பம்பும் மெதுவாக ஓடும். தேவையான அளவு கியரை இறக்கி, சுற்றைக் கூட்டி இலகுவாக ஏறவிடுங்கள். சத்தம் கூடும், சூடு குறையும். டிராஃபிக்கில் முள் ஏறுவது வேறு கதை. உங்கள் முன் கூலருக்கு ஃபேன் கிடையாது. வண்டி நகர்ந்தால்தான் அதற்குக் காற்று. நிற்கும்போது ஏறி, நகர்ந்ததும் இறங்கினால் அது இந்தக் காரின் சுபாவம்.

ஆயில் அளவை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினில் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே ஒட்டியிருக்காது. நின்ற வண்டியில் ஆயில் டேங்கிலிருந்து எஞ்சினுக்குள் இறங்கியிருக்கும். பயந்துபோய் இரண்டு லிட்டர் ஊற்றுவார்கள். சுட்டதும் அது டேங்கில் இடமில்லாமல் காற்று வடிகட்டிக்குள் போய், பின்னால் நீலப் புகை கிளம்பும். ஆயில் நன்றாகச் சுட்டபின், சமதளத்தில், எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் குச்சியைப் பார்க்கவேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும், மேல் கோடு வரை நிரப்பவேண்டாம். (1972ஆம் வருட மாடலில் மட்டும் ஆயில் மூடியை வெளியே, வலது பக்கம் ஒரு சின்னக் கதவுக்குள் வைத்தார்கள். பங்க் பையன்கள் அதில் பெட்ரோலை ஊற்றியதால் அடுத்த வருடமே மறுபடி உள்ளே போனது. அந்தக் காலத்துக் கதை கேட்டால் இன்றைக்கும் சிரிப்பு வரும்.)

சிந்தெடிக் ஆயில் பற்றி: நல்ல சிந்தெடிக் அதிகச் சூட்டைத் தாங்கும், சூட்டைக் குறைக்காது. நண்பர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார். பழைய ரப்பர் சீல்கள் உள்ள எஞ்சினில் கசிவு கூடவும் வாய்ப்பு இருக்கிறது. துத்தநாகச் சேர்மானம் போதுமான அளவு உள்ள 20டபிள்யூ-50 ஆயில் போட்டு, நேரத்துக்கு மாற்றினால் உங்கள் உபயோகத்துக்குச் சரி. அதோடு இக்னிஷன் டைமிங்கையும் (ப்ளக்கில் தீப்பொறி அடிக்கும் நேரம்) எரிபொருள் கலவையையும் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். டைமிங் பின்தங்கினாலோ, எங்காவது ரப்பர் குழாய் வெடித்துக் கூடுதல் காற்று உள்ளே போனாலோ எஞ்சின் தேவையில்லாமல் சுடும்.

இவ்வளவும் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருந்தும் கோடையில் 120ஐத் தாண்டுகிறது என்றால் அப்போது செலவு செய்யலாம். ஆனால் பம்பரை வெட்டவேண்டாம். 1984 மாடலாக வந்த, உங்கள் காருக்கு அடுத்த 911 ஆன கரேரா 3.2இல் ட்ராம்போனை எடுத்துவிட்டு, ரேடியேட்டர் மாதிரி மெல்லிய தகடுகள் வைத்த கூலரை அதே மட்கார்டுக்குள் வைத்தார்கள். 1987 மாடலிலிருந்து அதற்கு ஒரு மின்விசிறியும் சேர்ந்தது. அந்த ஜோடி உங்கள் காரில், இருக்கிற குழாய்களிலேயே, பெரிய வெட்டுக்குத்து இல்லாமல் உட்காரும். ஊருக்குள் நின்று போகும் தொல்லைக்கும் விசிறி பதில் சொல்லும். இரண்டாவது கூலர் பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கு. வெட்டாத பம்பருக்கு விற்கும்போது கிடைக்கும் மதிப்பும் தனி.

ஒரு ஆறுதல். உங்கள் காருக்கு முந்தைய 2.7 லிட்டர் எஞ்சின்கள் மக்னீசியம் உடம்பு. சூடு ஏறினால் ஹெட் போல்ட்டுகள் மரையோடு பிய்ந்து வந்துவிடும், முள்ளைப் பார்த்துப் பயப்பட அவர்களுக்கு நியாயம் இருந்தது. உங்கள் 3.0 அலுமினியம், கெட்டியான எஞ்சின். ஒரு தடவை சிவப்பைத் தொட்டதால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆயில் நன்றாகச் சுட்டிருக்கும்போது 5,000 சுற்றில் ஆயில் அழுத்தம் 4 ‘பார்’ (அழுத்த அலகு) அளவுக்கு மேல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதலில் எர்த், அப்புறம் தெர்மாமீட்டர். இந்த இரண்டையும் முடித்துவிட்டு, கொதிக்கும் தண்ணீரில் முள் எந்தக் கோட்டில் நின்றது, ஓட்டி நிறுத்தியதும் டேங்கில் எத்தனை டிகிரி, கதவுக்குக் கீழே குழாய் சுட்டதா இல்லையா, இந்த மூன்றையும் எழுதுங்கள். கேமராவில் எலிக்கூடு தெரிந்தால் படமும் அனுப்புங்கள்.